வயிற்றில் ஊமை அடி: ரத்த நொதிப் பரிசோதனையை எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வருகிற மருத்துவர்களை அதிகம் ஏமாற்றுவது வயிறுதான். கை ஒடிந்தால் வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தலையில் அடி என்றால் பேச்சும் நினைவும் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றிலோ தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கல்லீரல் கிழிந்திருக்கும். தோலைக் கிழிக்காமல் உள்ளே காயப்படுத்தும் இதைத்தான் ஊமை அடி என்கிறோம். நோயாளி எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில்தான் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, கணைய நொதிகளான அமைலேஸ், லைபேஸ் எல்லாம் உதவிக்கு வருகின்றன. ஓர் உறுப்பின் செல்கள் நசுங்கும்போது உள்ளே இருந்த நொதிகள் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தத்தில் அளவு கூடினால் எங்கேயோ செல்கள் சிதைந்திருக்கின்றன என்று அர்த்தம். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த எண் தனியாகப் பதில் சொல்லாது. ரிப்போர்ட்டை வாங்குவது எளிது. அதை அடிபட்ட நேரத்தோடு சேர்த்துப் படிக்கப் பழகுவதுதான் வேலை. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

முதல் படி: ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாதவர்களைப் பிரித்துவிடுங்கள்

பிபி இறங்கி, நாடி வேகமாக ஓடி, உடல் சில்லிட்டு வருகிறவருக்கு நொதிப் பரிசோதனையால் எந்தப் பயனும் இல்லை. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று வரிசையாகப் பார்த்து, படுக்கையிலேயே ஃபாஸ்ட் ஸ்கேன் (உள்ளே ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும் அவசர அல்ட்ராசவுண்ட்) செய்து, வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் அறுவை சிகிச்சைக்குழுவைக் கூப்பிட வேண்டும். வயிறு பலகைபோல விறைத்திருப்பவருக்கும், குத்துக்காயத்தில் குடல் வெளியே தெரிகிறவருக்கும் அப்படித்தான். "எஸ்ஜிஓடி வரட்டும், பார்க்கலாம்" என்று இவர்களில் ஒருவரைக்கூட நிறுத்திவைக்கக் கூடாது.

நொதிகள் பயன்படுவது வேறொரு கூட்டத்துக்கு. பிபி நிலையாக இருக்கிறது, வயிற்றில் வலி லேசாக இருக்கிறது அல்லது சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அடிபட்ட விதம் மட்டும் உறுத்துகிறது. இவர்களில் யாரை சிடி ஸ்கேனுக்கு அனுப்புவது, யாரை வார்டில் வைத்துக் கவனிப்பது, சிடி வசதி இல்லாத இடம் என்றால் யாரைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது என்று முடிவெடுக்க நொதிகள் கைகொடுக்கும். அறுவை சிகிச்சை வேண்டுமா என்று அவை சொல்லா. அந்தக் கேள்வியை அவற்றிடம் கேட்பதே தவறு.

இரண்டாம் படி: நேரத்தை எழுதுங்கள்

நரம்பில் கேனுலா (சலைன் ஏற்றும் ஊசிக்குழாய்) போடும்போதே ரத்தத்தையும் எடுத்துவிடலாம். ரத்த வகை, கிராஸ்மேட்ச் (ஏற்றப்போகும் ரத்தம் பொருந்துமா என்ற சோதனை), ஹீமோகுளோபின், ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, லைபேஸ் அல்லது அமைலேஸ், முடிந்தால் லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறுவது). கூடவே சிறுநீர்ப் பரிசோதனை. கருவுறும் வயதுப் பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும். உடம்பு எதற்கடியிலாவது நசுங்கியிருந்தால் தசை நொதியான கிரியாட்டின் கைனேஸையும் சேர்த்துவிடுங்கள். அமைலேஸ், லைபேஸ் இரண்டில் ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் நான் லைபேஸைக் கேட்பேன். காரணம் பின்னால் வரும்.

ரத்தம் எடுப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. உடன் வந்தவரிடம், "அடிபட்டது எத்தனை மணிக்குங்க?" என்று கேளுங்கள். "இப்பத்தான் சார்" என்பார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு மூன்று மணி நேரமும் "இப்பத்தான்". ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது எப்போது, வழியில் வேறு மருத்துவமனையில் காட்டினீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டால் நேரம் பிடிபட்டுவிடும். கேஸ் ஷீட்டில் அடிபட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். இனி வரும் ஒவ்வொரு எண்ணும் இந்த இடைவெளியை வைத்துத்தான் பொருள்படும்.

ரத்தம் எடுக்கும் விதமும் கெடுக்கும். மெல்லிய ஊசியில் வலிந்து இழுத்தாலோ, குழாயைப் போட்டுக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து சாம்பிள் ஹீமோலைஸ் ஆகிவிடும். சிவப்பணுக்களுக்குள் எஸ்ஜிஓடியும் எல்டிஹெச் என்ற நொதியும் பொட்டாசியமும் இருப்பதால் மூன்றும் பொய்யாக ஏறிக் காட்டும். எஸ்ஜிஓடி கூடி எஸ்ஜிபிடி இயல்பாக இருந்தால், பொட்டாசியமும் காரணமில்லாமல் ஏறியிருந்தால், முதலில் லேபைக் கூப்பிட்டு சாம்பிள் எப்படி இருந்தது என்று கேளுங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

மூன்றாம் படி: கல்லீரல்

நொதிகள் அதிகம் உதவுவது கல்லீரலில்தான். கல்லீரல் செல்லுக்குள் எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் நிறைய இருக்கின்றன. அடி விழுந்த சில மணி நேரத்துக்குள்ளேயே இரண்டும் ஏறிவிடும். பெரும்பாலான லேப்களில் இயல்பான உச்சம் லிட்டருக்கு 40 யூனிட்டை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு லேபும் கொஞ்சம் மாறுபடும் என்பதால் ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பையே பாருங்கள்.

பெரியவர்களுக்கு 'இந்த எண்ணைத் தாண்டினால் கல்லீரல் காயம்' என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே கோடு கிடையாது. என் பழக்கத்தைச் சொல்கிறேன். இயல்பு உச்சத்தின் இரண்டு மடங்கைத் தாண்டி, அடிபட்ட விதமும் ஒத்துப்போனால் சிடி கேட்பேன். எண் பெரிதாக ஆக, காயமும் பெரிதாக இருக்க வாய்ப்பு கூடும். அதற்காக எண்ணை வைத்தே காயத்தின் கிரேடைச் சொல்லிவிட முடியாது. கிரேடு என்பது சிடியில் கிழிசலின் ஆழத்தையும் ரத்தக்கட்டின் அளவையும் ரத்தக்குழாய்க் காயத்தையும் பார்த்துச் சொல்வது.

இங்கே நான்கு குழிகள் இருக்கின்றன.

முதலாவது தசை. எஸ்ஜிஓடி கல்லீரலின் தனிச்சொத்து அல்ல. தசையிலும் இதயத்திலும் உண்டு. சுவர் இடிந்து இரண்டு தொடையும் நசுங்கி வந்த ஒருவருக்கு எஸ்ஜிஓடி 900, எஸ்ஜிபிடி 150 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லீரல் காயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே ஏறும். இவ்வளவு இடைவெளி இருந்தால் கிரியாட்டின் கைனேஸைப் பாருங்கள். அது பல்லாயிரத்தில் இருந்தால் எஸ்ஜிஓடி தசையிலிருந்து வந்திருக்கிறது. 5,000ஐத் தாண்டினால் சிறுநீரகம் கெடும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்; சலைனை உடனே கவனியுங்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் 'ரத்தம்' என்று காட்டி மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுவே இல்லை என்றால் அது தசையிலிருந்து வந்த மயோகுளோபின் என்ற புரதம். அதைச் சிறுநீரகக் காயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தசை நசுங்கியவருக்குக் கல்லீரலும் கிழிந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். எஸ்ஜிஓடிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதால் வயிற்றைத் தேடாமல் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது பழைய நோய். கொழுப்புக் கல்லீரல், மதுப்பழக்கம், மஞ்சள்காமாலைக் கிருமிகள், காசநோய் மாத்திரைகள் எல்லாமே இந்த எண்களை ஏற்றிவைத்திருக்கும். மது காரணமாக இருந்தால் எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப்போல இரண்டு மடங்கு இருப்பது வழக்கம். பழைய ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பழைய நோயின் எண் அதற்குள் பெரிதாக நகராது. புதுக் காயத்தின் எண் நகரும்.

மூன்றாவது ரத்த ஓட்டம் குன்றும் அதிர்ச்சி (ஷாக்). முதல் நாள் பிபி வெகுநேரம் இறங்கியே இருந்தவருக்கு ஓரிரு நாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் ஏறலாம். ரத்தம் போதாமல் கல்லீரல் வாடியதன் விளைவு அது. முதல் மணி நேர ரிப்போர்ட் கையில் இருந்தால்தான் இதையும் அடியையும் பிரித்துச் சொல்ல முடியும்.

நான்காவது தாமதம். எஸ்ஜிஓடி ரத்தத்திலிருந்து சீக்கிரம் வடியும், ஏறத்தாழ 17 மணி நேரத்தில் பாதியாகும். எஸ்ஜிபிடி பாதியாக இரண்டு நாள் பிடிக்கும். அடிபட்ட மூன்றாம் நாள் வருகிறவரிடம் எஸ்ஜிஓடி கிட்டத்தட்ட இறங்கி, எஸ்ஜிபிடி மட்டும் உயர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அதை லேசான காயம் என்று எழுதிவிடாதீர்கள். அலையின் கடைசிப் பகுதி மட்டுமே உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது.

சிகிச்சையில் இருக்கும்போது இந்த எண்கள் நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ மறுபடி ஏறினாலோ ஏதோ சிக்கல் இருக்கிறது. பித்த நிறமியான பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் சேர்ந்து ஏறினால் பித்தநீர் கசிவதை யோசியுங்கள். மஞ்சள்காமாலையும் வயிற்று வலியும் ரத்த வாந்தியும் ஒன்றாக வந்தால் பித்தக்குழாய்க்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். முதல் நாளில் ஆல்கலைன் பாஸ்படேஸால் பெரிய பயன் இல்லை. வளரும் குழந்தைகளுக்கு எலும்பிலிருந்தும், கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியிலிருந்தும் அது இயல்பாகவே கூடியிருக்கும்.

நான்காம் படி: கணையம்

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. கணையம் வயிற்றின் பின்புறத்தில், முதுகெலும்பின் மேல் குறுக்காகக் கிடக்கிறது. முன்னாலிருந்து ஓர் அழுத்தம் வந்தால் முதுகெலும்புக்கும் அந்த அழுத்தத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஸ்டீயரிங் இடித்த ஓட்டுநரும், சைக்கிள் ஹேண்டில்பார் குத்திய குழந்தையும் இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டுகள். பின்புறத்தில் இருப்பதால் வயிற்றுக்குள் ரத்தம் உடனே தேங்காது. ஃபாஸ்ட் ஸ்கேன் இயல்பாக இருக்கும். முதல் சில மணி நேரத்தில் எடுத்த சிடியில்கூடத் தெரியாமல் போகலாம்.

சைக்கிளிலிருந்து விழுந்த எட்டு வயதுப் பையன். தொப்புளுக்கு மேலே ஹேண்டில்பார் முனையின் அளவுக்கு வட்டமாக ஒரு கன்றல். அடிபட்டு ஒரு மணி நேரத்தில் அமைலேஸ் பார்க்கிறீர்கள், இயல்பு. இந்த ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் 3 மணி நேரத்துக்குள் எடுத்த அமைலேஸ் இயல்பாக இருப்பது கணையக் காயத்தை விலக்காது. நொதி கசிந்து ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். 6 மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். அதற்குள் பையன் வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தால் எண் வருவதற்கு முன்பே சிடி கேட்டுவிடுங்கள். முதல் எண்ணைவிட இரண்டாவது எண் கூடியிருந்தால், அது இன்னும் இயல்பு வரம்புக்குள்ளேயே இருந்தாலும், நான் விட மாட்டேன்.

மறுபக்கமும் உண்டு. அமைலேஸ் கூடியிருப்பதெல்லாம் கணையம் அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அமைலேஸ் இருக்கிறது. தாடையிலும் கன்னத்திலும் அடிபட்டவருக்கு அது ஏறும். சிறுகுடல் கிழிந்தாலும் ஏறும், மது அருந்தியிருந்தாலும் ஏறலாம், சிறுநீரகம் பழுதானவருக்கு வெளியேறாமல் தேங்கும். வலிக்குப் போட்ட மார்ஃபின் கணையக் குழாயின் வாயை இறுக்கி அமைலேஸையும் லைபேஸையும் கொஞ்சம் ஏற்றக்கூடும். லைபேஸ் உமிழ்நீர்ச் சுரப்பியோடு சம்பந்தப்படாதது, ரத்தத்தில் அதிக நாள் தங்குவது. அமைலேஸ் மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கிவிட, லைபேஸ் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். தாமதமாக வருகிறவர்களிடம் இது பெரிய வசதி. ஒன்றுதான் கேட்க முடியும் என்றால் லைபேஸ் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். லைபேஸும் முழுக்கச் சுத்தம் அல்ல. தலைக்குள் ரத்தக்கசிவு உள்ளவர்களிடம் கணையம் நன்றாக இருந்தும் ஏறுவதைப் பார்க்கலாம்.

அளவுக்கும் காயத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது இங்கே இன்னும் கடுமையான உண்மை. கணையம் இரண்டாக அறுந்தவருக்குச் சற்றே கூடிய அமைலேஸும், வெறும் கன்றல் உள்ளவருக்கு ஆயிரத்தைத் தாண்டிய அமைலேஸும் வரலாம். சிகிச்சையைத் தீர்மானிப்பது கணையத்தின் முதன்மைக் குழாய் அறுந்ததா, முழுசா என்பதுதான். அதை எந்த நொதியும் சொல்லாது. சிடியும், தேவைப்பட்டால் கணையக் குழாயைக் காட்டும் எம்ஆர்சிபி (எம்ஆர்ஐ ஸ்கேன்), இஆர்சிபி (வாய்வழி எண்டோஸ்கோப்) சோதனைகளும்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: நொதி பேசாத உறுப்புகள்

மண்ணீரலுக்கென்று ஒரு நொதி கிடையாது. வயிற்று அடியில் அதிகம் கிழிபடும் உறுப்புகளில் ஒன்று அது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, லைபேஸ் மூன்றும் இயல்பாக இருக்கும்போதே மண்ணீரல் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். இடப்பக்கக் கீழ் விலா எலும்பு முறிவு, இடது தோளில் வலி, ஏறிக்கொண்டே போகும் நாடி, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபினும் முதலில் இயல்பாகவே இருக்கும். அது இறங்குவது சலைன் ஏறிய பிறகும், உடம்பின் நீர் ரத்தக்குழாய்க்குள் வந்த பிறகும்தான். அதனால் அதையும் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

குடல் கிழிசலுக்கும் நம்பகமான ரத்த நொதி இல்லை. சீட் பெல்ட் பட்ட தடம் வயிற்றில் குறுக்கே இருந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. சில மணிக்கு ஒரு முறை அதே மருத்துவரே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை எந்த லேபும் ஈடுசெய்யாது. சிடி வசதி இல்லாத இடங்களில் வயிற்றுக்குள் சலைன் விட்டு வடித்துப் பார்க்கும் முறை இன்னும் பயனுள்ளது. 1965இல் வழக்கத்துக்கு வந்தது. வடிந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,00,000க்கு மேல் சிவப்பணுவோ, 500க்கு மேல் வெள்ளையணுவோ இருந்தால் காயம் உண்டு என்று கொள்வார்கள். அந்த நீரில் அமைலேஸும் ஆல்கலைன் பாஸ்படேஸும் கூடியிருந்தால் சிறுகுடல் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் சிறுநீரைத்தான் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: குழந்தைகள்

குழந்தைக்கு வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. தேவையில்லாமல் சிடி எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதும் சரியல்ல. அதனால் நொதிகளின் மதிப்பு இங்கே கூடுகிறது. ஊமை அடிபட்ட குழந்தையிடம் எஸ்ஜிஓடி 200ஐயோ எஸ்ஜிபிடி 125ஐயோ தாண்டினால் வயிற்றுக்குள் காயம் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது பரவலாகப் பயன்படும் வரம்பு. இதோடு வயதுக்கேற்ற பிபி குறைவு, வயிற்றைத் தொட்டால் வலி, தொடை எலும்பு முறிவு, சிறுநீரில் மைக்ராஸ்கோப்பின் ஒரு பார்வைப் பரப்பில் 5க்கு மேல் சிவப்பணு, ஹெமட்டோகிரிட் 30 சதவீதத்துக்குக் கீழ், இவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

அதே நேரத்தில், 2013இல் 12,044 குழந்தைகளை வைத்து உருவான பெக்கார்ன் விதியில் (யாருக்கு சிடி தேவையில்லை என்று சொல்லும் விதி) ஒரு ரத்தப் பரிசோதனைகூடக் கிடையாது. அது பார்ப்பது இவற்றைத்தான்: வயிற்றுச் சுவரில் காயத் தடம், நினைவுத் தடுமாற்றம், தொட்டால் வலி, மார்புச் சுவரில் காயம், வயிற்று வலி என்று சொல்வது, மூச்சொலி குறைவு, வாந்தி. இந்த ஏழும் இல்லாத குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்படும் வயிற்றுக் காயம் இருப்பது மிக அரிது. குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் சிரிஞ்சை எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அது மனதைப் பிசைவது. யாரோ குழந்தையை அடித்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வரம்பை இறக்கிக்கொள்ளுங்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டில் எது 80ஐத் தாண்டினாலும் சிடி எடுக்க வேண்டும். அடிவாங்கிய குழந்தையின் வயிற்றில் வெளியே ஒரு தடமும் இல்லாமல் உள்ளே பெரிய காயம் இருக்கலாம். சொல்லப்படும் கதையும் நேரமும் உண்மையாக இருக்காது என்பதால் நேரத்தை வைத்து எண்ணைப் படிக்கவும் முடியாது. கதையும் காயமும் பொருந்தவில்லை என்றால் பெரிய மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தை மேல் சொன்ன கதையோடு தொடர்பில்லாத கன்றல்கள் இருந்தால், வயிறு நன்றாகத் தோன்றினாலும், இந்த இரண்டு நொதிகளையும் கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: மறுபடி எடுப்பது, சொல்வது, அனுப்புவது

முதல் ரத்தம், 6 மணி நேரத்தில் ஒன்று, நோயாளி தங்கினால் மறுநாள் காலையில் ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு இது போதும். எண்களை ஒரே அட்டவணையில், அடிபட்ட நேரத்திலிருந்து எத்தனையாவது மணி என்று எழுதி வையுங்கள். தனித்தனித் தாளில் கிடந்தால் ஏற்றம் யார் கண்ணிலும் படாது.

அப்புறம், பெரிய மருத்துவரிடம் போனில் சொல்லும்போது, "எஸ்ஜிஓடி 320" என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். "அடிபட்டு 2 மணி நேரத்தில் 320, எஸ்ஜிபிடி 280, கிரியாட்டின் கைனேஸ் இயல்பு, வலப்பக்கம் தொட்டால் வலி, பிபி நிலையாக இருக்கிறது, ஃபாஸ்டில் ரத்தம் இல்லை" என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சிடிக்குச் சம்மதிப்பார்.

இரண்டு முறை எடுத்ததும் இயல்பு, வயிறு மெத்தென்று இருக்கிறது, சாப்பிட்டு நடக்கிறார் என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். அப்போது உடன் வந்தவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: வயிற்று வலி கூடினால், முதுகுக்குப் பரவினால், வாந்தி நிற்காவிட்டால், தலை சுற்றி விழப்பார்த்தால், காய்ச்சல் வந்தால், கண் மஞ்சளானால், எந்த நேரமானாலும் திரும்ப வர வேண்டும். கணையக் காயம் சில வாரங்கள் கழித்து வயிற்றில் நீர்க்கட்டியாக வெளிப்படுவதும் உண்டு. அதனால் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது, மேல்வயிற்றில் ஏதோ தடிப்பாக இருக்கிறது என்றாலும் வரச் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டில் அடிபட்ட தேதியையும் நொதி எண்களையும் எழுதிக் கொடுங்கள். அடுத்து பார்க்கப்போகும் மருத்துவருக்கு ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.